டி.வி. இன்ஸ்பெக்டருக்கு நான் ஏட்டு

போலீஸ் வேலை பார்ப்பதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று இருக்கிறது. போலீஸ் வேலையை எப்படிப் பார்ப்பது என்று நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது வந்து, "சும்மா கூட இருந்து பாத்துக்குங்க சார், வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்று உங்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி. அந்த 'சும்மா'வை நம்பி மோசம் போனவர்கள் நாமெல்லாம்.

நான் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவன். கள்ளக்குறிச்சியில் ஏட்டய்யா என்றால் தெரியும். சர்வீஸில் பெரும்பகுதி ஸ்டேஷன் ரைட்டர். புகார் எழுதுவது, வாக்குமூலம் எழுதுவது, டைரி எழுதுவது எல்லாம் ரைட்டர் வேலை. லத்தியைவிடப் பேனா பிடித்ததுதான் ஜாஸ்தி. நான் வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆனபோது, சென்னையிலிருந்து ஒரு டி.வி. தொடர் எடுக்கிற கம்பெனி வந்தது. கச்சிராயபாளையம் பக்கத்தில் மூடிக் கிடந்த ரைஸ் மில் ஒன்றைப் போலீஸ் ஸ்டேஷனாக மாற்றினார்கள். கதை இதுதான்: கல்வராயன் மலைக்குக் கீழே ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு இன்ஸ்பெக்டர். மனைவியை இழந்தவர், குடிக்கிறவர், கோபக்காரர், ஆனால் மூளைக்காரர். வாரம் ஒரு கேஸ். டைரக்டர் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதற்குத்தான் என்னைப் பிடித்தார்கள்.

பாய் விட்ட துணி

கள்ளக்குறிச்சியில் போலீஸ் யூனிஃபார்ம் தைக்கிற பாய் ஒருவர் இருக்கிறார். என் முதல் காக்கியும் கடைசிக் காக்கியும் அவர் மிஷினில் தைத்ததுதான். இன்ஸ்பெக்டராக நடிக்கிறவரை அவரிடமே கூட்டிப்போனேன். நடிகர் தினமும் ஓடுகிறவர், முட்டை வெள்ளைக்கரு மட்டும் தின்கிறவர். வயிறு என்று ஒன்று அவருக்கு இல்லவே இல்லை.

யூனிஃபார்ம் வந்தது. போட்டுப் பார்த்தால் இடுப்பில் உள்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கிறது. பிரித்துப் பார்த்தோம். பேண்ட்டிலும் சட்டை ஓரத்திலும் மூன்று விரல் அகலத்துக்குத் துணியை மடித்து உள்ளே விட்டுத் தைத்திருக்கிறார். சென்னையிலிருந்து வந்த காஸ்ட்யூமருக்குக் கோபம் வந்துவிட்டது. எதற்கு இவ்வளவு துணி என்று கடைக்கே போய்க் கேட்டார். பாய் மிஷினை நிறுத்தவே இல்லை. "எத்தினி இன்ஸ்பெக்டருக்குத் தெச்சிருக்கேன் தெரியுமா? வரச்சொல்ல எல்லாரும் இப்பிடித்தான் ஒல்லியா வருவாங்க. மூணாவது மாசம் பிரிச்சி வுடச் சொல்லி இங்கதான் வந்து நிப்பாங்க. அப்ப நான் துணிக்கு எங்க போறது?"

ரொம்ப நிஜம்

ஸ்டேஷன் செட்டைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. சுவர் முழுக்க குற்றவாளிகள் படம், நடுவில் சிவப்பு நூல் கட்டி இழுத்திருக்கிறார்கள். எந்த ஸ்டேஷனில் ஐயா நூல் கட்டினோம்? எங்கள் ஸ்டேஷனில் மின்விசிறிகூடக் கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றும். இன்ஸ்பெக்டர் யோசிக்கும்போது அங்கும் இங்கும் நடக்கிறார். "இன்ஸ்பெக்டர் நடக்க மாட்டாருங்க, நாங்கதான் நடப்போம்" என்றேன். பிடித்து வைத்த பழைய மொபெட்டுகள் வாசலில் துருப்பிடித்துக் கிடக்க வேண்டும், புகார் கொடுக்க வந்தவர் கையில் இரண்டு வெள்ளைத்தாளும் ஒரு கார்பன் தாளும் அவர் செலவில் வாங்கி வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் நீளமாகச் சொன்னேன்.

செட் போட்ட ஆர்ட் டைரக்டர் பொறுமையான மனிதர். நான் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் வந்து பார்த்தேன். மொபெட் வந்திருந்தது. கார்பன் தாள் வந்திருந்தது. சிவப்பு நூலும் அப்படியே இருந்தது. என்ன இது என்று கையைக் காட்டினேன். "சார், மொபெட்டு உங்களுக்காக வச்சது. நூலு பாக்கற ஜனங்களுக்காக வச்சது. ரெண்டு பேரும் எனக்கு வேணும்."

ஆடாத இன்ஸ்பெக்டர்

நம் நடிகருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. கண்ணாடி டம்ளரில் சர்க்கரை போடாத கறுப்பு டீயைக் குடித்துவிட்டு, கண்ணைச் சொருகிக்கொண்டு, மேஜையைப் பிடித்து ஆடினார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "இப்பிடி வந்தா அன்னிக்கே சஸ்பெண்டுங்க" என்றேன். பின்னே எப்படி வருவார்கள் என்று கேட்டார். அப்போதுதான் என் பழைய இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சொன்னேன். பெயர் வேண்டாம், ஐயா என்றே வைத்துக்கொள்வோம். அவர் இறந்து பல வருஷம் ஆகிறது.

ஐயா உளுந்தூர்பேட்டையில் பந்தோபஸ்தில் நின்றிருந்த நாளில், வீட்டில் அவர் மனைவி காய்ச்சலில் போய்விட்டார். தகவல் கிடைத்து, பஸ் பிடித்து இவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் குடி. மலையடிவார ஸ்டேஷனுக்கு அவர் மாற்றலாகி வந்தபோது நான் அங்கே ரைட்டர். குடித்த அன்றுதான் ஐயா பளிச்சென்று வருவார். இஸ்திரி மடிப்பு கலையாது. முகத்தில் பவுடர், வாயில் ஏலக்காய். நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை எழுந்திருக்க மாட்டார். கையெழுத்தை மட்டும் கோலம் போடுகிற மாதிரி நிதானமாக, எழுத்தெழுத்தாகப் போடுவார். அதைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொள்வோம். சட்டை கசங்கி வந்தால் அன்றைக்கு அவர் குடிக்கவில்லை, பயமில்லாமல் பேசலாம்.

நடிகர் ஒரு தாளை வாங்கிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் கையெழுத்துப் போட்டுப் பழகினார். அந்தக் காட்சி நன்றாக வந்தது, நானே ஒரு நிமிஷம் ஐயா என்று நினைத்துவிட்டேன். முடிந்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சார், அவரைப் பத்திப் பேசும்போது நீங்க சிரிக்கவும் இல்ல, திட்டவும் இல்ல. உங்களுக்கு அவரைப் பிடிக்குமா, பிடிக்காதா?"

சொன்னது பாதி

டைரக்டருக்கு ஐயாவின் கதை இன்னும் வேண்டுமாம். ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னேன். ஒரு வாரத்துக்குள் பெரிய சாராயக் கேஸ் ஒன்று வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. வெள்ளிமலைப் பக்கம் ஏறினோம். ஓடைக்கரையில் மூன்று பேரல் ஊறல் இருந்தது. வெல்லமும் மரப்பட்டையும் போட்டுப் புளிக்க வைத்திருப்பார்களே, காய்ச்சினால் சாராயம், அதுதான் ஊறல். பக்கத்தில் ஆள் இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒருவன் சாமை வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு ஒண்ணும் தெரியாது என்றான். அன்றைக்கு ஐயாவின் சட்டையில் மடிப்பு கலையவில்லை. அங்கேயே அடித்தார். கீழே கொண்டுவந்தோம், கேஸ் போட்டோம், மூன்று மாசம் ஜெயில். ஊறல் மலைக்குக் கீழே இருந்த வெல்ல வியாபாரி ஒருவனுடையது என்று பிறகு தெரிந்தது. ஐயாவுக்கும் தெரிந்தது. அதற்கப்புறம் சட்டை கசங்கி அவர் வந்த நாள் ரொம்பக் கம்மி.

இவ்வளவுதான் டைரக்டரிடம் சொன்னேன். நீங்கள் நம்ம கட்சி என்பதால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆளின் பெயர் வெள்ளையன். ஐயா அடித்தார், அவ்வளவுதான். அடி வீங்கி ஒரு வாரத்தில் வடிந்திருக்கும். 'நான்தான் ஊறல் போட்டேன்' என்று வெள்ளையன் சொன்னதாக ஒன்றரைப் பக்கத்துக்கு வாக்குமூலம் எழுதியவன் நான். எத்தனை கட்டி வெல்லம், எந்த மரத்துப் பட்டை, எத்தனை நாள் ஊறியது, எல்லாம் என் கற்பனை. அவன் வாயிலிருந்து அதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவன் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்து அழுத்தியதும் நான். "ஒத்துக்கினா சீக்கிரம் வூட்டுக்குப் போவலாம்" என்று கோர்ட்டு வாசலில் அவனிடம் சொன்னதும் நான். எனக்கு அப்போது ஒரு உறுத்தலும் இல்லை. வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். உறுத்தல் ஆரம்பித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். அதுவும் சும்மா இருக்கிற நேரத்தில்தான்.

பாதிக் கதைக்கே டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசி எபிசோடு இதுதான், இன்ஸ்பெக்டர் அந்த ஆளைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கிறார் என்று அங்கேயே முடிவு செய்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், இந்தக் கதையில நல்ல மனுஷன் நீங்க ஒருத்தர்தான். இத்தனை வருஷம் இதை மனசுல வச்சிக்கிட்டு இருந்திருக்கீங்களே."

நான் போட்ட ஊறல்

மன்னிப்புக்கு முன்னால் அடிக்கிற எபிசோடு வர வேண்டும், அதற்கு ஊறல் வேண்டும். விவரம் தெரிந்த ஆள் ஒருவரை அனுப்பச் சொல்லி கம்பெனி மேனேஜர் மலை ஊர் ஒன்றுக்குச் சொல்லிவிட்டார். ஜீப்பில் வந்து இறங்கினார் அறுபது வயதுக்காரர் ஒருவர். பார்த்ததும் தெரிந்துவிட்டது. வெள்ளையன். ஊறல் கேஸ் வாங்கினவன் நீதானே, நீயே போ என்று ஊரில் அவரை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். என்னைப் பார்த்தார். "வணக்கம் ஏட்டய்யா" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு 'வாடா' என்று சுலபமாக வந்த வாயில் இப்போது 'வாங்க' வர மாட்டேன் என்றது. மேனேஜர் விஷயத்தைச் சொன்னதும் அவர், "கேஸு மட்டும்தாங்க வாங்கினேன். ஊறல் போடத் தெரியாது" என்றார். எல்லோரும் ஜோக் என்று சிரித்தார்கள். சரி, வந்தது வந்துவிட்டீர்கள், ஓடைக்கரை செட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டைரக்டர் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஆள் எந்த நேரத்தில் வாயைத் திறப்பார் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊறலை யார் போடுவது? அந்தக் கூட்டத்திலேயே விவரம் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். எத்தனை பேரலை உடைத்திருப்பேன், வாசனையை வைத்தே எத்தனையாவது நாள் என்று சொல்வேன். கேமராவுக்குக் கலர் தண்ணீரே போதும். ஆனால் நிஜம் நிஜம் என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தவன் அல்லவா, முறைப்படியே போட்டேன். மழை வந்து ஷூட்டிங் நாலு நாள் தள்ளிப்போனது. ஊறல் எங்களுக்காகக் காத்திருக்குமா? நுரைத்துக்கொண்டு பொங்கிவிட்டது. வாசனை ரோடுவரைக்கும் போய், யாரோ தகவல் கொடுத்து, ஐந்தாம் நாள் காலையில் நிஜப் போலீஸ் வந்து எல்லாவற்றையும் உதைத்துக் கவிழ்த்துவிட்டது. நான் டீ டம்ளரோடு போய்ச் சேர்ந்தபோது ஓடையெல்லாம் நுரை. கோல் ஒன்றை ஊன்றிக்கொண்டு வெள்ளையன் ஓரமாக நின்றிருந்தார். ஒரு இளவட்டக் கான்ஸ்டபிள் சுற்றிலும் இருந்த பத்துப் பேரையும் விட்டுவிட்டு நேரே அவரைப் பார்த்து, "இன்னாய்யா, இங்க வா" என்றான்.

எனக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்ததோ தெரியாது. "அவரு இல்ல, நான் போட்டது" என்று கத்திவிட்டேன். டைரக்டர் ஓடிவந்து ஷூட்டிங் அனுமதிக் கடிதத்தைக் காட்டினார். இனிமேல் கலர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். ரெய்டுக்கு வந்த ஏட்டு ஒரு காலத்தில் என்னிடம் ஸ்டேஷன் டைரி எழுதப் பழகினவன். ஜீப்பில் ஏறும்போது என் தோளைத் தட்டினான். "எத்தினி ஊறல் ஒடச்சிருக்கோம் ஏட்டய்யா, போட்டவன் தானா முன்னால வந்து நின்னது இதான் மொத தபா."

வீட்டில் விசாரணை

கலர் தண்ணீர் வைத்து எடுத்து முடித்து, சில வாரம் கழித்து அடிக்கிற எபிசோடு டி.வி.யில் வந்தது. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு நானும் என் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐயா கதைதான் இது என்று அவளுக்குத் தெரியும். நடிகர் லத்தியை ஓங்கியபோது அவள் டி.வி.யைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "கீழ இட்டாந்து கேஸ் எழுதனப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள். டீ வாங்கப் போயிருந்தேன் என்றேன். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் எத்தனை பேருடைய பொய்யைக் கேட்டிருக்கிறேன், ஒரு நல்ல பொய் எனக்கு வரவில்லை. அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். "வூட்ல ஒரு டம்ளர எடுத்துவெக்க மாட்டீங்க, நீங்க டீ வாங்கப் போனீங்களா?"

மன்னிப்புக் காட்சி

கடைசி எபிசோடை மலையிலேயே, சாமை வயல் ஒன்றில் எடுத்தார்கள். வெள்ளையன் வேஷத்தில் நடிக்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நம் இன்ஸ்பெக்டர் சட்டை கசங்கி, வரப்பில் நடந்துவந்து, தொப்பியைக் கழற்றி, "தப்புப் பண்ணிட்டேன்பா" என்கிறார். வயலில் நிற்பவர் தண்ணீர்ச் சொம்பை நீட்டுகிறார். ஒரே டேக். லைட்மேன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை. ஐயா உயிரோடு இருந்திருந்தால் இப்படி வந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. நான் உயிரோடுதான் இருக்கிறேன், நான் வரவில்லை. அது தெரியும்.

டைரக்டர் உற்சாகத்தில் வெள்ளையனைக் கூப்பிட்டார். "பெரியவரே, எப்படி இருந்துச்சு?" எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். என்னைப் பார்க்கவே இல்லை. "நல்லா இருந்துதுங்க. அடிச்சவரு வந்துட்டாரு, அடி வாங்கினவரும் வந்துட்டாரு. பக்கத்துல குந்திக்கினு எழுதனவரத்தான் காணோம்" என்றார். யார் அது என்று டைரக்டர் கேட்டார். வெள்ளையன் குனிந்து கோலால் வரப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் விட்ட இடம் அது. அங்கேயும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை.

"நான்தான் மேடம். இவரு பேர்ல எழுதனது நான்தான். இவருதான் அந்த வெள்ளையன்" என்றேன். ஒன்றரைப் பக்கத்தையும் சொன்னேன், கட்டைவிரலையும் சொன்னேன், கோர்ட்டு வாசலையும் சொன்னேன். நல்ல மனுஷன் என்று சொன்னதை டைரக்டர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, ஆனால் அதற்குப் பிறகு ஒருநாளும் என் கையைப் பிடிக்கவும் இல்லை. கடைசியில், "நாளைக்கு அந்த சீனையும் எடுக்கணும் சார். வேற ஆள் வேணாம், நீங்களே உக்காந்து எழுதுங்க" என்றார். எழுதினேன். சென்னை நடிகரின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தச் சொன்னபோது இரண்டு தடவை ரேகை கலைந்துவிட்டது. மூன்று டேக் போனது.

அது முடிந்ததும் வெள்ளையனைத் தேடிப்போனேன். ஓடைக்கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து துண்டை உதறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, "வெள்ளையன், நான் செஞ்சது பெரிய தப்புங்க. மன்னிச்சிக்கங்க" என்றேன். அந்த 'ங்க' இந்தத் தடவை வந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை, அழவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பேசினார். "சொல்லிட்டீங்க, சரி. எம் பொண்டாட்டி சாவற வரிக்கும், நான்தான் அவளுக்குத் தெரியாம காச்சினேன்னு நெனச்சிக்கினு இருந்தா. கைரேக வச்சிக் குடுத்துட்ட, அப்பறம் இன்னா பேச்சுன்னு கேப்பா. இத அவ இருக்கச்சொல்ல வந்து சொல்லியிருக்கலாம் ஏட்டய்யா."

தொடர் நல்லபடியாக முடிந்தது, ஊரில் எல்லோரும் பாராட்டினார்கள், கடைசி எபிசோடில் வாக்குமூலம் எழுதுகிற என் கை பளிச்சென்ற வெளிச்சத்தில் வந்தது, முகத்தை மட்டும், எபிசோடு நீளம் ஜாஸ்தி என்று எடிட்டிங்கில் வெட்டிவிட்டார்கள்.